வானம் தானே அனுப்பும் எக்ஸ்ரே

எங்கள் ஸ்கேன் சென்டருக்கு எதிரே ஒரு டீக்கடை. காலையில் முதல் பேஷன்ட் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் அங்கே நிற்பேன். போன மாதம் ஒருநாள் போனில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு வானத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் கலந்து, புஸ்வாணம் சிதறிய நொடியிலேயே உறைந்துபோன மாதிரி ஒரு வட்டம். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணா இது?" என்றார்.

"வெடிச்சுப்போன ஒரு நட்சத்திரம்பா. எக்ஸ்ரேல எடுத்தது."

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அவ்ளோ தூரத்துக்கு எப்படிண்ணா எக்ஸ்ரே அடிச்சாங்க?"

சரியான கேள்வி. காலேஜ் முடித்தவர்களும் என்னிடம் இதையேதான் கேட்டிருக்கிறார்கள். பதில் ஒரே வரிதான்: யாரும் அடிக்கவில்லை, அது அங்கிருந்தே வருகிறது. இந்த வரியை நன்றாகப் பிடித்துக்கொண்டால் எக்ஸ்ரே வானியலில் பாதி புரிந்துவிடும். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வேலூரில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். எங்கள் அறையில் ஒரு பக்கம் குழாய், நடுவில் ஆள், ஆளுக்குப் பின்னால் படம் பதியும் தட்டான கேசட். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினால் குழாயிலிருந்து கதிர் கிளம்புகிறது. சதையைத் தாண்டிப் போகிறது, எலும்பில் பெரும்பகுதி நின்றுவிடுகிறது, கழுத்தில் சங்கிலி இருந்தால் அதிலும் நின்றுவிடுகிறது. அதனால்தான் தாலிச் சரட்டை முதுகுப் பக்கம் தள்ளிவிடச் சொல்கிறோம். "விடுங்க" என்று சொல்லும்போது படம் முடிந்திருக்கும். ஆக, நாங்கள் எடுப்பது ஒரு நிழலை. எலும்பு விழுத்திய நிழலை.

வானத்துக்கு நாம் குழாய் எதையும் கொண்டுபோவதில்லை. நட்சத்திரங்களும் வாயு மேகங்களும் தாமே எக்ஸ்ரேயை வீசுகின்றன. நாம் கொண்டுபோவது கேசட்டை மட்டும். எனவே அந்தப் படங்களில் நட்சத்திரத்தின் உள்ளே இருப்பது எதுவும் எலும்பு மாதிரி தெரியாது. எந்த இடம் எக்ஸ்ரேயில் எரிகிறது, எவ்வளவு எரிகிறது என்பதுதான் தெரியும். இருட்டில் தூரத்து ஊரின் விளக்குகளைப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு பொருள் ஏன் எக்ஸ்ரேயை வீச வேண்டும்? அதற்கும் எங்கள் அறையிலேயே விடை இருக்கிறது.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டபோது, அது என்னவென்று அவருக்கே தெரியவில்லை. தெரியாததற்கு எக்ஸ் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நின்றுவிட்டது. அதே டிசம்பரில் தன் மனைவியின் கையை மோதிரத்தோடு அவர் எடுத்த படத்தை, எங்கள் படிப்பில் முதல் வகுப்பிலேயே காட்டிவிடுவார்கள். இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு, 1901-இல், அவருக்குத்தான்.

அவருடைய குழாயானாலும் என் அறையில் இருப்பதானாலும் தத்துவம் ஒன்றுதான். ஒரு முனையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை மின்னழுத்தம் விரட்டுகிறது. கைவிரலுக்கு 50 கிலோவோல்ட், இடுப்புக்கு 75, 80 என்று வைப்போம். ஓடிவந்த எலக்ட்ரான் எதிரே இருக்கும் டங்ஸ்டன் தட்டில் மோதிச் சட்டென்று வேகம் இழக்கிறது. பஸ்ஸில் நின்றபடி போகிறோம், டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார் என்றால், நம் வேகம் முன்னால் நிற்பவர் முதுகில் போய் இறங்கும். அதைப் போல எலக்ட்ரான் இழந்த வேகமும் எங்காவது இறங்கியாக வேண்டும். பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடுகிறது. நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு எக்ஸ்ரேயாக வெளியேறுகிறது.

வானத்தில் எலக்ட்ரானை விரட்ட மின்சாரம் வேண்டியதில்லை, சூடு போதும். கொல்லுப் பட்டறையில் கடப்பாரை முனையைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ஒளி எதுவும் இருக்காது, கையைக் கிட்டே கொண்டுபோனால் அனல் மட்டும் அடிக்கும். பிறகு மங்கலான சிவப்பு. துருத்தி இன்னும் ஊத ஊத ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி, அதனால்தான் அது கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை. வெல்டிங் பொறி அதைப் போன்ற சூடு. அதிலிருந்து புறஊதாக் கதிரும் வருவதால் வெல்டர்கள் கறுப்புக் கண்ணாடி பிடித்துக்கொள்கிறார்கள். இந்த ஏணியிலேயே ஏறிக்கொண்டு போனால், பத்து லட்சம் டிகிரி, ஒரு கோடி டிகிரி என்ற படிகளில் எக்ஸ்ரே வந்துவிடும். அந்தச் சூட்டில் அணுக்கள் உடைந்து எலக்ட்ரான்கள் தனியாக ஓடும். ஓடுகிற எலக்ட்ரான் ஒரு அணுக்கருவின் பக்கத்தில் போகும்போது இழுபட்டு வளையும், வேகம் குறையும். அந்தப் பிரேக்கில் ஒரு எக்ஸ்ரே பிறக்கும். என் டங்ஸ்டன் தட்டில் நடப்பதேதான்.

கண்ணுக்குத் தெரியும் வானம் சில ஆயிரம் டிகிரி வானம். எக்ஸ்ரே வானம் பல லட்சம், பல கோடி டிகிரி வானம். இரண்டும் ஒரே வானம்தான், ஆனால் இரண்டிலும் ஒளிரும் பொருள்கள் பெரும்பாலும் வேறு வேறு.

நம் பக்கத்தில் வானியல் என்றாலே காவலூர்தான். ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறினால், கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் மேலே இருக்கிறது. இன்றைக்குத் திருப்பத்தூர் மாவட்டம், எங்கள் அப்பா காலத்துப் பேச்சில் வட ஆற்காடு. அங்கே 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வேலை செய்கிறது. அதற்கும் முன்னால், அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி 1977-இல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று கண்டறிந்ததில் பங்கெடுத்தது. ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பெரிய கூண்டின் கீழே நின்று அவள் கேட்டாள்: "இதுல எக்ஸ்ரே தெரியுமாப்பா?"

தெரியாது. தொலைநோக்கி சரியில்லை என்பதால் அல்ல. மேலே இருக்கும் காற்று விடாது.

எக்ஸ்ரே எதையும் துளைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எது அதை நிறுத்தும் என்பதைக் கவனிப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களைக் காப்பாற்றுகிறது. இப்போது நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லியதுதான், ஆனால் உயரம் அதிகம். அத்தனையையும் அழுத்தித் தண்ணீரின் அடர்த்திக்குக் கொண்டுவந்தால் சுமார் பத்து மீட்டர் ஆழம் வரும். மூன்று மாடி உயரத் தண்ணீரை எந்த எக்ஸ்ரே தாண்டும்? காவலூர் மலை மேலே ஏறினாலும் அதில் ஒரு மீட்டர்கூடக் குறைவதில்லை. விண்ணிலிருந்து வரும் எக்ஸ்ரே எல்லாம் மிக உயரத்திலேயே காற்றில் கரைந்துவிடுகிறது. அது நமக்கு நல்லது. அப்படி நிற்காவிட்டால் பூமியில் உயிர்கள் இந்த மாதிரி இருந்திருக்காது. வானியலாளர்களுக்கு மட்டும் ஒரே வழிதான் பாக்கி: கேசட்டைத் தூக்கிக்கொண்டு காற்றுக்கு மேலே போவது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டுகள் அமெரிக்கர்கள் கைக்கு வந்தன. அவற்றில் கருவி வைத்து அனுப்பி, 1949-இல் ஹெர்பர்ட் ஃப்ரீட்மன் குழு சூரியனிலிருந்து எக்ஸ்ரே வருவதை அளந்தது. சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி என்றாலும், அதைச் சுற்றியிருக்கும் கரோனா என்னும் மெல்லிய வாயு பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். எக்ஸ்ரே அங்கிருந்துதான் வருகிறது. இதைப் பார்த்ததும் பலருக்கு ஆர்வம் குறைந்தது என்றே சொல்லலாம். பக்கத்தில் இருக்கும் சூரியனே இவ்வளவுதான் என்றால், தூரத்து நட்சத்திரங்களின் எக்ஸ்ரே கருவிக்கு எட்டவே எட்டாது. கணக்கு அப்படித்தான் சொன்னது.

அப்புறம் 1962 ஜூன் 18. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், வொயிட் சாண்ட்ஸ் பாலைவனம், நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் பாக்கி. ரிக்கார்டோ ஜக்கோனி என்ற முப்பது வயது இத்தாலியரின் குழு ஏரோபீ என்ற சின்ன ராக்கெட்டை ஏவியது. அவர்கள் சொல்லியிருந்த நோக்கம் நிலா. சூரியனின் எக்ஸ்ரே நிலாவின் மண்ணில் பட்டால் மண் திரும்ப எக்ஸ்ரே வீச வேண்டும், அதை அளந்தால் மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியும் என்பது திட்டம். ராக்கெட் 225 கிலோமீட்டர் வரை ஏறி விழுந்தது. வேலைக்குக் கிடைத்த நேரம் மொத்தம் 350 விநாடி. டீ ஆறிக் குடித்து முடிக்கும் நேரம்.

அந்த 350 விநாடியில் கருவி எக்ஸ்ரேயைப் பிடித்தது. நிறையவே பிடித்தது. ஆனால் நிலா இருந்த திசையில் இல்லை. விருச்சிக ராசிப் பக்கத்திலிருந்து, யாரும் எதிர்பார்க்காத அளவு பலமாக வந்தது. அது போக, எல்லாத் திசையிலிருந்தும் லேசாக ஒரு மங்கல் ஒளி. ஜக்கோனி குழு மாதக் கணக்கில் தவறைத் தேடிப் பார்த்த பிறகுதான் வெளியே சொன்னது. விருச்சிகத்தில் கண்ட முதல் பொருள் என்பதால் அதற்கு ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்று பெயர் வந்தது. சூரியன் தன் மொத்த ஒளியாக வெளியிடும் ஆற்றலைப் போல ஏறக்குறைய 60,000 மடங்கை அது எக்ஸ்ரேயாக மட்டும் வீசுகிறது. எந்த நட்சத்திரக் கணக்கிலும் அடங்காத பொருள். நாற்பது வருடம் கழித்து, 2002-இல், ஜக்கோனிக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆறு நிமிடம்கூட இல்லாத ஒரு பறத்தலில் ஒரு துறையே பிறந்த கதை எனக்கு எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

ராக்கெட் விழுந்துவிடும், செயற்கைக்கோள் நிற்கும். 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடற்கரைக்கு அப்பால் இருந்த மேடையிலிருந்து எக்ஸ்ரே வானியலுக்கென்றே முதல் செயற்கைக்கோள் கிளம்பியது. அன்று கென்யாவின் சுதந்திர தினம், அதனால் சுவாஹிலி மொழியில் சுதந்திரம் என்று பொருள்படும் உகுரு என்ற பெயரை வைத்தார்கள். அது 339 எக்ஸ்ரே மூலங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது.

எக்ஸ்ரே வருவது தெரிந்துவிட்டது, படமாக எடுக்க வேண்டாமா? அதில்தான் பெரிய சிக்கல். சாதாரணத் தொலைநோக்கியின் கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்பிக் குவிக்கும். எக்ஸ்ரே அந்தக் கண்ணாடியில் நேராகப் பட்டால் உள்ளே புகுந்து மறைந்துவிடும், திரும்பாது.

சின்ன வயதில் கோட்டை அகழி ஓரத்தில் நின்று ஓட்டுச் சில்லு எறிந்து விளையாடியிருக்கிறோம். மேலிருந்து போட்டால் சில்லு 'முழுக்' என்று உள்ளே போய்விடும். குனிந்து, நீர்மட்டத்தை ஒட்டிப் படுக்கையாக வீசினால் மூன்று நான்கு தடவை தத்திக்கொண்டு போகும். எக்ஸ்ரேயும் அப்படியே. கண்ணாடிப் பரப்பை உரசுகிற மாதிரி, ஒரு டிகிரி அளவுச் சாய்வில் வந்தால் தத்திவிடும். எனவே எக்ஸ்ரே தொலைநோக்கியின் கண்ணாடி தட்டு மாதிரி இருக்காது. அடியில்லாத பீப்பாய் மாதிரி இருக்கும். கதிர் ஒரு வாய் வழியே நுழைந்து, உள்சுவரை உரசி, மறு வாய் வழியே வந்து குவியும். ஒரு பீப்பாயில் கிடைப்பது கொஞ்சம்தான் என்பதால் ஒன்றுக்குள் ஒன்றாகப் பலவற்றை அடுக்குவார்கள். வீட்டில் எவர்சில்வர் சம்படங்களைப் பெரியதுக்குள் சின்னது வைத்து அடுக்கியிருப்போமே, அதில் அடியை மட்டும் வெட்டிவிட்டால் கிட்டத்தட்ட அந்த வடிவம் வந்துவிடும். இந்த அமைப்பை 1952-இல் ஹான்ஸ் வோல்ட்டர் என்ற ஜெர்மானியர் எக்ஸ்ரே மைக்ராஸ்கோப்புக்காக யோசித்தார். அதை வானத்துக்குத் திருப்பியவர் ஜக்கோனி.

இன்னொன்று. எக்ஸ்ரே வானத்திலிருந்து வெள்ளமாக வருவதில்லை, சொட்டுச் சொட்டாக வருகிறது. கோடை மழை ஆரம்பிக்கும்போது தகரக் கூரையில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் கேட்குமே, அது மாதிரி ஒவ்வொரு எக்ஸ்ரே துகளையும் கருவி தனித்தனியாக எண்ணும். எந்த இடத்தில் விழுந்தது, எந்த நேரத்தில் விழுந்தது, எவ்வளவு ஆற்றலோடு விழுந்தது என்று மூன்றையும் குறித்துக்கொள்ளும். வானத்தின் ஒரே ஒரு சின்னத் துண்டை இப்படி 70 லட்சம் விநாடி, அதாவது மொத்தம் எண்பது நாள் அளவுக்கு, பல வருடங்களில் விட்டு விட்டு எண்ணிச் சேர்த்திருக்கிறார்கள். ராக்கெட் கண்ட அந்த மங்கல் ஒளியில் பெரும்பகுதி தூரத்து விண்மீன் மண்டலங்களின், அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கேலக்ஸிகளின், நடுவே இருக்கும் ராட்சதக் கருந்துளைகளின் வாசலிலிருந்து வருகிறது என்பது இப்படி எண்ணித்தான் தெரிந்தது.

ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 எப்படி அவ்வளவு எரிகிறது? விழுவதால்.

கிணற்றில் நீர் இறைக்கும்போது நிறைந்த குடம் கை நழுவி இறங்கினால், ஓடும் கயிறு உள்ளங்கையைச் சுட்டுவிடும். எங்கள் அம்மாவின் கையில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. குடம் விழுந்த வேகம்தான் கையில் சூடாக மாறியது. ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்பது ஒரு நியூட்ரான் நட்சத்திரமும் அதன் துணை நட்சத்திரமும். நியூட்ரான் நட்சத்திரம் சுமார் 20 கிலோமீட்டர் அகலம்தான். வேலூரிலிருந்து ஆற்காடு போகும் தூரத்துக்குள் அடங்கிவிடும். அதற்குள் சூரியனைவிட அதிக எடை. பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை அது உறிஞ்சி இழுக்கிறது. வாயு நேராக விழாமல் சுழன்று சுழன்று தட்டாகப் பரவி, ஒன்றோடொன்று உரசிச் சூடேறி, ஏறக்குறைய ஒளியின் பாதி வேகத்தை எட்டி உள்ளே விழுகிறது. கிணறு அவ்வளவு ஆழம், சூடும் அவ்வளவு. சூரியனுக்குள் ஹைட்ரஜன் எரிந்து தரும் ஆற்றலைவிட, அதே எடையுள்ள வாயு இப்படி விழுவதால் கிடைப்பது பத்து மடங்குக்கும் அதிகம்.

நட்சத்திரம் எப்படி இவ்வளவு சுருங்க முடியும் என்ற கேள்விக்கு வழி காட்டியவர் ஒரு தமிழர். சுப்பிரமணியன் சந்திரசேகர், சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே கணக்குப் போட ஆரம்பித்தார். எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் எடை சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்குள் இருந்தால் அது வெள்ளைக் குள்ளன் என்னும் சின்ன நட்சத்திரமாக அமைதியாக நிற்கும். அந்த எல்லையைத் தாண்டினால் தன் எடையையே தாங்க முடியாமல் இடிந்து விழும். அன்று பெரும் புகழோடு இருந்த வானியலாளர் ஆர்தர் எடிங்டன் 1935-இல் லண்டன் வானியல் சங்கக் கூட்டத்திலேயே இதை மறுத்தார். சந்திரசேகர் சொன்னதுதான் நின்றது. 1983-இல் நோபல் வந்தது. 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்வெளி ஓடத்தில் நாசா அனுப்பிய மிகப் பெரிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரைத்தான் வைத்தார்கள். ஐந்து வருடத்துக்கென்று செய்தது இருபத்தைந்து வருடத்தையும் தாண்டி உழைத்தது. நிலா இருக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை எட்டிப் போய்த் திரும்பும் நீள்வட்டத்தில் அது சுற்றுகிறது. நம் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு இந்தப் பெயர்க் கதை தெரியாது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கருந்துளையும் இதே விழுதலால்தான் தெரிகிறது. அதற்குள்ளிருந்து ஒளி வராது, எக்ஸ்ரேயும் வராது. உள்ளே போவதற்கு முன் வாசலில் சுழலும் வாயு வீசுவதைத்தான் பார்க்கிறோம். சிக்னஸ் எக்ஸ்-1 அப்படிப்பட்டது. அதன் இடத்தில் சாதாரணத் தொலைநோக்கியால் பார்த்தால் ஒரு நீல நட்சத்திரம், 5.6 நாளுக்கு ஒருமுறை எதையோ சுற்றிவருகிறது. சுற்றப்படும் பொருள் தெரியவே இல்லை. எடை போட்டுப் பார்த்தால் சூரியனைப் போல சுமார் 21 மடங்கு. எக்ஸ்ரே விலாசம் கொடுத்தது, தரையில் இருக்கும் தொலைநோக்கி எடை போட்டது. காவலூர் மாதிரி இடங்களின் தேவை இதனால் குறைவதே இல்லை.

டீக்கடையில் பார்த்த படத்துக்கு வருகிறேன். அது காசியோபியா ஏ, சுமார் 11,000 ஒளியாண்டு தூரத்தில் வெடித்துச் சிதறிய நட்சத்திரம். சந்திரா விண்ணுக்குப் போனதும் வெளியிட்ட முதல் படமே இதுதான். அதன் நிறங்களை நாம் போட்டுக்கொண்டோம், எக்ஸ்ரேக்கு நிறம் கிடையாது. ஆனால் இஷ்டத்துக்குப் போட்டதும் இல்லை. லாங் பஜாரில் நகை விற்கப் போனால், மோதிரத்தை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடி, அரை நிமிடத்தில் 91.6 என்று சொல்லிவிடுகிறார்கள். உரசவும் இல்லை, உருக்கவும் இல்லை. அந்தப் பெட்டி எக்ஸ்ரே மெஷின்தான். தங்கம், செம்பு, வெள்ளி ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்ரே வீசும், அதை எண்ணினால் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். காசியோபியா ஏ-இன் சிதறலிலும் அதே மாதிரி இரும்பு ஒரு ஆற்றலில், சிலிக்கான் ஒரு ஆற்றலில், கந்தகம், கால்சியம் என்று தனித்தனியாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நான் தினமும் படம் எடுக்கும் எலும்பில் இருக்கும் கால்சியமும் இந்த மாதிரி வெடித்த நட்சத்திரங்களிலிருந்து வந்ததுதான். இதைச் சொன்னபோது ஆட்டோக்காரர் தன் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் புள்ளிகளும் வட்டங்களும். என்னைக் கேட்டால் எக்ஸ்ரே வானியலின் பெரிய செய்தி புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் வெறும் இடத்தில்தான் இருக்கிறது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், நீர் இல்லாத ஆறு. ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், பாலாறு மட்டும் பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது. ஆனால் நீர் இல்லாத ஆறு என்பது மேலிருந்து பார்ப்பவர் பேச்சு. எங்கள் பாட்டி மணலில் முழங்கை ஆழம் தோண்டி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். கலங்கலாக நீர் ஊறும். அதை இறைத்துக் கொட்டிவிட்டு, அடுத்து ஊறும் தெளிந்த நீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவாள். ஆறு மணலுக்கு அடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விண்மீன் மண்டலங்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கூட்டமாகச் சேர்ந்து இருக்கும். 24 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் பெர்சியஸ் கூட்டம் அப்படி ஒன்று. சாதாரணப் படத்தில் மண்டலங்கள் ஆங்காங்கே கிடக்கும், நடுவே கறுப்பு. அதே இடத்தை எக்ஸ்ரேயில் பார்த்தால் கறுப்பு முழுவதும் ஒளிரும். மண்டலங்களுக்கு இடையே பல கோடி டிகிரிச் சூட்டில் வாயு நிறைந்திருக்கிறது. ஒரு கன மீட்டருக்குச் சில ஆயிரம் துகள் என்கிற அளவுக்கு மெல்லியதுதான். ஆனால் இடம் அவ்வளவு பெரியது. கூட்டிப் பார்த்தால் அங்கே இருக்கும் எல்லா நட்சத்திரங்களின் எடையைப் போலப் பல மடங்கு. அந்தக் கூட்டத்தின் சாதாரணப் பொருளில் பெரும்பகுதி நட்சத்திரங்களில் இல்லை, இந்த வாயுவில் இருக்கிறது. எக்ஸ்ரே இல்லாமல் போயிருந்தால் மணலை மட்டும் பார்த்துவிட்டு ஆறு இல்லை என்று எழுதியிருப்போம்.

நம் நாடும் இதில் ஆரம்பம் முதலே இருக்கிறது. 1975 ஏப்ரல் 19 அன்று விண்ணுக்குப் போன முதல் இந்தியச் செயற்கைக்கோள் ஆர்யபட்டாவிலேயே எக்ஸ்ரே கருவி இருந்தது. மின் வழங்கல் பழுதாகிச் சில நாளில் அந்தச் சோதனைகள் நின்றுபோயின. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஆஸ்ட்ரோசாட்டைக் கொண்டுபோய் 650 கிலோமீட்டர் உயரத்தில் விட்டது. அதன் எக்ஸ்ரே தொலைநோக்கியில் தங்கம் பூசிய 40 பீப்பாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. கூடவே போன புறஊதாத் தொலைநோக்கியைச் செய்தது, காவலூரை நடத்தும் அதே பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம். 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட் போனது. எக்ஸ்ரே அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்று அது அளக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சந்திரயான்-2. 2019-இல் போனது, தரையில் இறங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சுற்றுகலம் நிலாவைச் சுற்றிவர ஆரம்பித்தது பலருக்கு நினைவில்லை. அதில் கிளாஸ் என்று ஒரு கருவி. சூரியனின் எக்ஸ்ரே பட்டு நிலாவின் மண் திரும்ப வீசும் எக்ஸ்ரேயை அளந்து, எங்கே எந்தத் தனிமம் என்று நகைக்கடைப் பெட்டி மாதிரி சொல்கிறது. நிலாவில் சோடியம் எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டுக் கொடுத்தது. 1962-இல் அந்தச் சின்ன ராக்கெட் எதற்காகக் கிளம்பியதோ, அதே வேலை.

ஜூன் மாதம் வேலூரில் வீட்டுக்குள் படுக்க முடியாது. பாயை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவீர்கள். இரவு 11 மணி வாக்கில் தெற்கே பாருங்கள். பாதி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சிவப்பாக ஒரு நட்சத்திரம் இருக்கும். அதுதான் கேட்டை. கையை நேராக நீட்டி விரல்களை முஷ்டியாக மடக்கி, கேட்டைக்கு மேலே ஒரு முஷ்டி அளவு தள்ளிப் பாருங்கள். அங்கே கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 அந்த இடத்தில் இருக்கிறது.